ஓரக்கிள் பார்க்: கடலும் காற்றும் கடனும் வடிவமைத்த பேஸ்பால் மைதானம்

பேஸ்பால் விதிகள் ஆடுகளத்தின் உட்பகுதியை அங்குலம் தவறாமல் வரையறுக்கின்றன. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடமான ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பிட்சர் நின்று வீசும் மேட்டிலிருந்து அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். உலகின் எந்த மூலையில் ஆடினாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை. ஆனால் ஆடுகளத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டின் எல்லைச் சுவர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த விதிகள் பெரும்பாலும் மைதானத்தைக் கட்டுபவர்களிடமே விட்டுவிடுகின்றன. கிரிக்கெட்டில் எல்லைக் கயிற்றை ஆட்டத்துக்கு ஆட்டம் இழுத்துப் போட முடியும். பேஸ்பாலில் எல்லை என்பது கட்டி எழுப்பிய சுவர். பந்து அதன்மேல் மோதித் திரும்பும்போது அந்தச் சுவரும் ஆட்டத்தில் பங்கேற்கிறது. ஒரு மைதானத்தில் சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாகும் அடி இன்னொரு மைதானத்தில் கேட்ச் ஆகி முடிவதும், ஒவ்வொரு மைதானத்துக்கும் தனிக் குணம் இருப்பதாக ரசிகர்கள் சொல்வதும் இதனால்தான்.

அப்படித் தனிக் குணம் கொண்ட நவீன மைதானங்களில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் ஓரக்கிள் பார்க்கை நான் முதலிடத்தில் வைப்பேன். அது அழகாக இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அதன் வினோதமான அம்சங்களில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு நெருக்கடிக்குத் தேடிய விடையாக உருவானவை. நிலம் போதவில்லை, காற்று ஒத்துழைக்கவில்லை, அரசுப் பணம் கிடைக்கவில்லை. இந்த மூன்று இல்லாமைகளும் சேர்ந்துதான் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மைதானத்துக்கு உருவம் கொடுத்தன.

ஜயன்ட்ஸ் அணி முதலில் நியூயார்க்கைச் சேர்ந்தது. அங்கே அது ஆடிவந்த போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், ஹோம் பிளேட்டிலிருந்து செல்லும் வலப்பக்க எல்லைக் கோட்டில் சுவர் வெறும் 258 அடியில் இருக்க, மையப் பகுதியோ 480 அடிக்கும் மேல் நீண்டு கிடந்தது. 1957 பருவம் முடிந்ததும் அணி மேற்குக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்து, இரண்டு ஆண்டுகள் சீல்ஸ் ஸ்டேடியம் என்ற சிறிய மைதானத்தில் ஆடிவிட்டு, 1960 ஏப்ரலில் நகரின் தென்கிழக்கு ஓரத்தில் விரிகுடாவை ஒட்டிக் கட்டப்பட்ட கேண்டில்ஸ்டிக் பார்க்குக்குள் நுழைந்தது.

கேண்டில்ஸ்டிக்கைச் சொல்லாமல் இன்றைய மைதானத்தை விளக்க முடியாது. பசிபிக் கடலிலிருந்து மலைகளின் இடைவெளி வழியாகப் பாய்ந்து வரும் மாலைக் காற்று அந்த இடத்தில் சுழன்றடிக்கும். ஜூலை மாத இரவு ஆட்டத்துக்குக் கம்பளிப் போர்வையோடு போக வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். 1961-இல் அங்கே நடந்த, பல அணிகளின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், பந்து வீச ஆயத்தமாக நின்ற ஸ்டூ மில்லர் என்ற பிட்சரைக் காற்று அசைத்துவிட, நடுவர் அதை விதிமீறல் என்று அறிவித்தார். காற்று அவரை மேட்டிலிருந்து தூக்கியே எறிந்துவிட்டது என்று பின்னாளில் கதை வளர்ந்தது. நடந்தது ஓர் அசைவு மட்டுமே, ஆனால் கதை வளரும் அளவுக்கு அந்தக் காற்று பேர்பெற்றிருந்தது. இருக்கைகளுக்கு அடியில் வெப்பம் தருவதற்காக அமைத்த குழாய்கள் பயன்படவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபார்ட்டி நைனர்ஸுக்காக மைதானத்தைச் சுற்றிலும் அடைத்துப் பெரிதாக்கியபோதும் காற்று நிற்கவில்லை, சுழலும் முறைதான் மாறியது. 1980-களில் கூடுதல் இன்னிங்ஸுக்கு நீண்ட இரவு ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ரசிகர்களுக்கு, குளிரைத் தாங்கியதற்கான பதக்கம்போல சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னத்தை நிர்வாகமே வழங்கத் தொடங்கியது.

புதிய மைதானத்துக்கான போராட்டம் பத்தாண்டுக் காலம் நீடித்தது. அணியின் அப்போதைய உரிமையாளர் பாப் லூரி, பொதுப்பணத்தின் துணையோடு மைதானம் கட்ட வாக்காளர்களின் ஒப்புதலை நாடினார். சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 1987-இலும் 1989-இலும் மறுத்தார்கள். அருகிலுள்ள சாண்டா கிளாரா மாவட்டத்தில் 1990-இலும் சான் ஹோசேயில் 1992-இலும் வைத்த திட்டங்களும் தோற்றன. இவற்றில் 1989-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு தனியாகக் குறிப்பிடத்தக்கது. அந்த அக்டோபர் 17 மாலை, கேண்டில்ஸ்டிக்கில், பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் தாக்கியது. மைதானம் தாங்கி நின்றது. நகரமும் சுற்றுவட்டாரமும் பலத்த சேதமடைந்தன. மூன்று வாரங்களுக்குள் வந்த வாக்கெடுப்பில், இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்த நகரம் விளையாட்டு மைதானத்துக்குப் பணம் ஒதுக்கச் சம்மதிக்கவில்லை. அப்போதும் அது சொற்ப வித்தியாசத்தில்தான் தோற்றது.

நான்கு தோல்விகளுக்குப் பின், 1992 ஆகஸ்டில் லூரி அணியை ஃபுளோரிடாவின் டாம்பா பகுதியைச் சேர்ந்த முதலீட்டாளர்களுக்கு விற்க ஒப்புக்கொண்டார். அந்த நவம்பரில் ஜயன்ட்ஸ் ஆடும் நேஷனல் லீகின் பிற அணி உரிமையாளர்கள் அந்த விற்பனையை நிராகரித்ததால், பீட்டர் மகோவன் தலைமையிலான உள்ளூர்க் குழு சுமார் 10 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. அடுத்த சில வாரங்களில் நட்சத்திர ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸை ஒப்பந்தம் செய்ததும் அந்தக் குழுதான்.

மகோவன் குழு மீண்டும் வாக்காளர்களிடம் போனது, ஆனால் இம்முறை பணம் கேட்டுப் போகவில்லை. 1996 மார்ச்சில் முன்வைக்கப்பட்ட தீர்மானம், சைனா பேசின் என்ற பழைய துறைமுகப் பகுதியில் கட்டட உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி மைதானத்துக்கு அனுமதி தரும்படி மட்டுமே கோரியது. வாக்களித்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நிலத்தைத் துறைமுக வாரியத்திடமிருந்து 66 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, 1997 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

மொத்தச் செலவு சுமார் 35.7 கோடி டாலர். அதில் 17 கோடி டாலர் சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் கடன். மைதானத்துக்குத் தன் பெயரைச் சூட்டும் உரிமைக்காக பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனம் 24 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நல்ல இருக்கைகளுக்கான பருவச் சீட்டு உரிமையை முன்கூட்டியே ரசிகர்களுக்கு விற்றதில் இன்னொரு பெரும்பங்கு வந்தது. 1962-இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியத்துக்குப் பிறகு அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் தனியார் பணத்தில் எழுந்த முதல் மைதானம் இதுவே. அதற்காக அரசு ஒரு காசும் தரவில்லை என்று சொல்வது சரியாகாது: நகரின் மறுமேம்பாட்டு அமைப்பு அப்பகுதியின் வரி வருவாயிலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது, ரயில் பாதைகளையும் சாலைகளையும் அரசே அமைத்தது, நிலமும் பொதுநிலம். ஆனாலும் கட்டுமானச் செலவின் பெரும்பாகத்தை மக்கள் தலையில் சுமத்துவதே வழக்கமாகிப்போன ஒரு தொழிலில் இது அரிய விதிவிலக்கு. பிற நகரங்கள் இந்த முன்மாதிரியைப் பின்பற்றியிருந்தால் எத்தனையோ பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் மிஞ்சியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். பின்பற்றியவை மிகச் சில. 2020-இல் திறந்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மைதானத்துக்காக ஆர்லிங்டன் நகரம் 50 கோடி டாலர் வரை பொறுப்பேற்றது.

பெயர் மாற்றங்களுக்கும் இந்தக் கடன் கணக்கே காரணம். பசிபிக் பெல் பார்க் 2004-இல் எஸ்.பி.சி. பார்க் ஆகி, 2006-இல் ஏ.டி.&டி. பார்க் ஆனது; தாய் நிறுவனங்கள் இணைந்து பெயர் மாற, மைதானத்தின் பெயரும் கூடவே மாறியது. 2019-இல்தான் முற்றிலும் வேறான நிறுவனமான ஓரக்கிள் பெயருரிமையை வாங்கியது.

இனி நிலம். துறைமுக வாரியம் கொடுத்தது சுமார் 13 ஏக்கர். அமெரிக்க மேஜர் லீக் மைதானம் ஒன்றுக்கு இது மிகவும் சிறியது. ஒரு பக்கம் கிங் தெருவும் மறுபக்கம் மூன்றாம் தெருவும், எஞ்சிய பக்கங்களில் நீரும் சூழ்ந்த அந்தத் துண்டு, விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய சேற்று நிலம் என்பதால் ஆழமாகத் தூண்களை அடித்திறக்கி அவற்றின்மேல்தான் கட்ட வேண்டியிருந்தது. எச்.ஓ.கே. ஸ்போர்ட் நிறுவனத்தின் ஜோ ஸ்பியர் தலைமையிலான கட்டடக் கலைஞர்கள் ஹோம் பிளேட்டை இரு தெருக்களும் சந்திக்கும் மூலைக்கு அருகே வைத்தார்கள். அங்கிருந்து வலப்பக்கக் கோட்டை இழுத்தால் 309 அடியிலேயே நீர்க்கரை வந்துவிடுகிறது. 1958-க்குப் பின் கட்டப்படும் தொழில்முறை மைதானங்களில் பக்கக் கோடுகள் குறைந்தது 325 அடியும் மையம் 400 அடியும் இருக்க வேண்டும் என்கிறது விதி. எனவே மேஜர் லீகிடம் சிறப்பு அனுமதி பெற்றே 309 அடியில் சுவரை எழுப்பினார்கள்.

குறைந்த தூரத்தை ஈடுகட்டச் சுவரை உயர்த்த வேண்டியிருந்தது. எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு, ஜயன்ட்ஸ் வரலாற்றின் மாபெரும் வீரரான வில்லி மேஸின் சட்டை எண்ணையே விடையாக்கி 24 அடியில் நிறுத்தினார்கள். மைதானத்தின் முகவரியும் 24, வில்லி மேஸ் பிளாசா. அங்கே அவரது சிலையைச் சுற்றி 24 பனைமரங்கள் நிற்கின்றன. செங்கல் சுவருக்கு அப்பாலுள்ள சைனா பேசின் கால்வாய், ஜயன்ட்ஸின் இன்னொரு பெருவீரரான இடக்கை ஆட்டக்காரர் வில்லி மக்கோவியின் நினைவாக மக்கோவி கோவ் என்று வழங்கப்படுகிறது. இடக்கை ஆட்டக்காரர் முழு வீச்சில் அடிக்கும் பந்து வலப்பக்கமே செல்லும் என்பதால் அந்தப் பெயர் அவ்விடத்துக்குப் பொருந்தி வருகிறது.

சுவரைத் தாண்டி நேராக நீரில் விழும் ஜயன்ட்ஸ் வீரரின் ஹோம் ரன்னை ‘ஸ்பிளாஷ் ஹிட்’ என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சுவரிலேயே காட்டுகிறார்கள். எதிரணியினர் நீரில் அடிப்பது அந்தக் கணக்கில் சேராது. முதல் ஸ்பிளாஷ் ஹிட்டை 2000 மே 1-ஆம் தேதி அடித்தவர் பாரி பாண்ட்ஸ். அவர் அப்படி அடித்தவை மொத்தம் 35. அவருக்கு அடுத்த இடங்களில் உள்ள ஜயன்ட்ஸ் வீரர்கள் எவரும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பாண்ட்ஸ் ஆடிய காலத்தில் சிறு துடுப்புப் படகுகளில் வலையோடு காத்திருந்து, பந்து நீரைத் தொட்ட கணத்தில் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தவர்கள் தனிக் கூட்டமாகவே இருந்தார்கள். 2001-இல் 73 ஹோம் ரன் என்ற ஒரே பருவச் சாதனையும், 2007 ஆகஸ்ட் 7-இல், அதுவரை மிக அதிக ஹோம் ரன் அடித்திருந்த ஹாங்க் ஆரனை முந்திய 756-ஆவது ஹோம் ரன்னும் இந்த மைதானத்தில்தான் நிகழ்ந்தன. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நிழல் அந்தச் சாதனைகள்மேல் இன்றும் விலகாமல் படிந்திருக்கிறது.

309 அடி என்ற எண்ணைப் பார்த்து இது அடிப்பவர்களுக்குச் சாதகமான மைதானம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கோட்டிலிருந்து நகரத் தொடங்கியதுமே சுவர் கால்வாயின் கரையைப் பின்பற்றி வேகமாக விலகிச் சென்று, வலப்புறத்துக்கும் மையத்துக்கும் நடுவே முதலில் கட்டியபோது 421 அடி வரை போனது. ஏறக்குறைய 128 மீட்டர். அங்கே போய் விழும் பந்தை எடுத்து எறிவதற்குள் அடித்தவர் மூன்றாம் பேஸை எட்டிவிடுவார் என்பதால் அந்த மூலைக்கு ‘டிரிபிள்ஸ் ஆலி’ என்று பெயர். குளிர்ந்த கடற்காற்று அடர்த்தி மிக்கது. அதைக் கிழித்துச் செல்லும் பந்து வறண்ட வெயிலில் பறக்கும் தூரத்தை எட்டுவதில்லை. இவையெல்லாம் சேர்ந்து, கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இந்த மைதானத்தைப் பல ஆண்டுகளாக மேஜர் லீகில் ஹோம் ரன் அடிக்க மிகக் கடினமான இடங்களுள் ஒன்றாக வைத்திருந்தன.

அந்த மூலை ஆட்டத்தை எப்படித் திருப்பும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2007-இல் இங்கே நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் இச்சிரோ சுசுகி அடித்த பந்து வலப்புறச் சுவரில் பட்டது. அது நேராகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார் அனுபவம் மிக்க ஃபீல்டரான கென் கிரிஃபி ஜூனியர். பந்தோ அவரைவிட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடியது. அவர் துரத்திப் பிடிப்பதற்குள் இச்சிரோ நான்கு பேஸ்களையும் ஓடி முடித்திருந்தார். ஆல்-ஸ்டார் வரலாற்றில் பந்து சுவரைத் தாண்டாமலே கிடைத்த முதல் ஹோம் ரன் அது. 2012 ஜூன் 13 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக மேட் கெய்ன் எதிரணியின் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தபோது, ஏழாவது இன்னிங்ஸில் அதே ஆழமான மூலைக்கு ஓடிப் பாய்ந்து கிரெகர் பிளாங்கோ பிடித்த கேட்ச்தான் அந்தச் சாதனையைக் காப்பாற்றியது. சுவர் வழக்கமான தூரத்தில் இருந்திருந்தால் அந்தப் பந்தைப் பிடிக்க இடமே இருந்திருக்காது.

காற்றுக்கு வருவோம். கேண்டில்ஸ்டிக்கில் பட்ட பாடு மறக்காததால், இந்த மைதானத்தின் மாதிரியைச் செய்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வைப் பேராசிரியர் புரூஸ் ஒயிட் நடத்தினார். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு உயரமான பார்வையாளர் மாடமே தடுப்பாக நிற்கும்படி மைதானம் திருப்பி வைக்கப்பட்டது. அடிப்பவர் கிழக்கே விரிகுடாவை நோக்குகிறார். மாடத்தின் மேல்தட்டில் உட்கார்ந்தால் பே பாலமும் கப்பல்களும் தெரிவது இந்தத் திருப்பத்தால் சேர்ந்து கிடைத்த லாபம். குளிர் முற்றிலும் போய்விடவில்லை. இரவு ஆட்டத்துக்கு இன்றும் மேலங்கி வேண்டும். ஆனால் காற்று ஆட்டத்தைக் கெடுப்பதில்லை.

இதே 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூஸ்டனிலும் ஒரு புதிய மைதானம் திறந்தது. 1992-இல் பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் தொடங்கிவைத்த, பழைய செங்கல் மைதானங்களின் தோற்றத்தை மீட்டெடுக்கும் அலையில் வந்தவைதான் இரண்டும். ஹூஸ்டனில் பழமையின் சாயலுக்காக மைய அவுட்ஃபீல்டில் ஒரு சரிவான புல்மேட்டை எழுப்பி, அதன்மேல் ஆடுகளத்துக்குள்ளேயே ஒரு கொடிக்கம்பத்தையும் நட்டார்கள். நிலம் அதைக் கேட்கவில்லை. ஓடும் ஃபீல்டர்களுக்கு அது ஆபத்தாகவே இருந்தது. 2016 பருவத்துக்குப் பின் அதை அகற்றிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் 309 அடியை அப்படி அகற்ற முடியாது, அங்கே தண்ணீர் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காகவே ஓரக்கிள் பார்க்கை நான் உயர்வாக மதிக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் உள்ளே இல்லை. வலப்புறச் சுவருக்கும் நீருக்கும் இடையிலுள்ள கரையோர நடைபாதை பொதுமக்களுக்கு உரியது. அந்த நடைபாதையை ஒட்டிச் சுவரில் கம்பிவலையிட்ட வளைவுகளை அமைத்திருக்கிறார்கள். சீட்டு வாங்காத எவரும் அந்த வளைவில் நின்று, வலப்புற ஃபீல்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, புல்லின் மட்டத்திலேயே ஆட்டத்தைப் பார்க்கலாம். மூன்று இன்னிங்ஸ் வரை பார்த்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும் என்பதே ஒழுங்கு. தனியார் பணத்தில் கட்டிய மைதானத்தில் இலவசப் பார்வையிடம் இருப்பது வெறும் பெருந்தன்மை அல்ல. கரை மக்களுடையது என்பதற்குக் கட்டடமே தந்த ஒப்புதல்.

மற்றவை சுருக்கமாக. இடப்புற இருக்கைகளுக்குப் பின்னே 1920-களின் மாதிரியில் செய்த 26 அடி உயர நான்கு விரல் கையுறையும், சிறுவர் சறுக்கி விளையாடும் பிரம்மாண்ட கோக்கோ-கோலா பாட்டிலும் நிற்கின்றன. பூண்டு தூவிய உருளைக்கிழங்கு வறுவலின் மணம் எல்லாத் தளங்களிலும் பரவியிருக்கும். கடைசி இன்னிங்ஸ்களில் மிச்சம் மீதியைத் தேடிக் கடற்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கும். 2007-இல் மேஜர் லீகிலேயே முதலாவதாகச் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியதும் இங்கேதான். வாகன நிறுத்துமிடம் குறைவு என்பதால் டிராம், புறநகர் ரயில், படகு என்று பொதுப் போக்குவரத்தை நம்பியே மைதானம் திட்டமிடப்பட்டது. வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு கூட்டத்தைக் குறைக்கவில்லை. சுமார் 41,000 இருக்கைகள் கொண்ட மைதானத்தில் 2010 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை தொடர்ச்சியாக 530 வழக்கமான பருவ ஆட்டங்களுக்கு எல்லாச் சீட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. அந்தக் காலத்தில் அணி 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்களை வென்றது. மூன்றிலும் கோப்பையை உறுதிசெய்த கடைசி ஆட்டம் வெளியூரில் நடந்ததால், இந்த மைதானம் அந்தத் தருணத்தை இதுவரை நேரில் கண்டதில்லை.

நிலக் குறைவு ஒரு தீய விளைவையும் தந்தது. மாற்று பிட்சர்கள் தயாராகும் புல்பென்னுக்குத் தனி இடம் இல்லாததால், பக்கக் கோட்டுக்கு வெளியே, ஃபீல்டர்கள் ஓடிவரும் புல்வெளியிலேயே அதை வைத்திருந்தார்கள். 2018-இல் ஜயன்ட்ஸ் வீரர் ஒருவர் மேலே எழும்பிய பந்தைத் துரத்தி வந்து புல்பென்னின் பந்துவீச்சு மேட்டில் தடுக்கிச் சுவரில் தலை மோதி மூளையதிர்ச்சிக்கு ஆளானார். 2020-இல் புல்பென்களை மைய அவுட்ஃபீல்டுக்குப் பின்னே நகர்த்தியபோது சுவர்களும் உள்ளே வந்தன: மையம் 399 அடியிலிருந்து 391 ஆகவும், டிரிபிள்ஸ் ஆலி 421-இலிருந்து 415 ஆகவும் குறைந்தன. சில அடிகளை இழந்து வீரர்களின் பாதுகாப்பைப் பெற்றது சரியான மாற்றமே. அதை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டதுதான் தவறு.

கால்வாயின் தென்கரையில் முன்பு மைதானத்தின் வாகன நிறுத்துமிடமாக இருந்த துறைமுக நிலத்தில், ஜயன்ட்ஸ் அணி கூட்டாளி நிறுவனத்தோடு சேர்ந்து மிஷன் ராக் என்ற புதிய குடியிருப்பு, அலுவலகப் பகுதியைக் கட்டிவருகிறது. உயரும் கடல்மட்டத்தைக் கணக்கில் கொண்டு அங்கே தரையை உயர்த்திய பிறகே தெருக்களை அமைத்தார்கள். எதிர்க்கரையில் மைதானம் மட்டும் 2000-இல் இருந்த மட்டத்திலேயே இருக்கிறது. அதன் குத்தகையோ 2060-களில்தான் முடியும். 2024 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் நகரமும் வெளியிட்ட வரைவுத் திட்டம், இந்தக் கரை உள்ளிட்ட ஏழரை மைல் நீளத்துக்கு வெள்ளத் தடுப்பை உயர்த்த 1,350 கோடி டாலர் தேவைப்படும் என்று மதிப்பிட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கை மத்திய அரசும் மீதியை நகரமும் ஏற்க வேண்டும் என்பது திட்டம். நகரம் தன் பங்கைத் திரட்ட வேண்டுமானால், மைதானத்துக்குப் பணம் தர இருமுறை மறுத்த அதே ஊரின் வாக்காளர்கள் கடல் சுவருக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கும்.